அலுவலகத்துப் பழைய லேப்டாப் எங்கே? கணினிகளுக்கு ஒரு பதிவேடு ஏன் தேவை?

"அக்கா, வேலையை விட்டுப் போன அண்ணனோட லேப்டாப் இப்போ யாருகிட்ட இருக்கு?"

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் திடீரென இப்படி ஒரு கேள்வி வரும். "ஸ்டோர் ரூம்ல பாரும்மா" என்பார் ஒருவர். "கிள்ளான் கிளைக்குக் கொடுத்துட்டோம்னு நினைக்கிறேன்" என்பார் இன்னொருவர். இரண்டு நாளில் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள்.

லேப்டாப் தொலைந்தால் வேறொன்று வாங்கிவிடலாம். ஆனால் அதில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்கள், சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருந்திருந்தால்?

பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் மையம், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை, பெட்டாலிங் ஜெயாவில் கணக்காளர் அலுவலகம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்துப் பதினைந்து கணினிகளோடு இயங்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். பலவற்றில் தனியாக ஐடி பிரிவு கிடையாது. "நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை, பார்த்துக்கோ" என்று அலுவலகத்திலேயே வயது குறைந்தவரிடம் பொறுப்பு வந்து சேரும்.

அந்தப் பிள்ளை நீங்கள்தான் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

கணினிச் சொத்து என்றால் எவை?

மேசை மேல் இருப்பவை மட்டும் அல்ல. கணினி, லேப்டாப், கைத்தொலைபேசி, பிரிண்டர், ரவுட்டர், சிசிடிவி பதிவுப்பெட்டி, வெளியே எடுத்துச் செல்லும் ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் எல்லாமே இதில் அடங்கும். பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. நகல் எடுத்த ஆவணங்கள் அதில் தங்கியிருக்க வாய்ப்பிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத சொத்துகளும் இருக்கின்றன: மென்பொருள் உரிமங்கள், மின்னஞ்சல் கணக்குகள், கிளவுட் சேமிப்பு, நிறுவனத்தின் இணையத்தள முகவரி. வேலையை விட்டுப் போனவரின் சொந்த ஜிமெயிலில் நிறுவனத்தின் இணையத்தளம் பதிவாகியிருந்தால், அதைப் புதுப்பிக்கும் நாளில்தான் சிக்கல் தெரியவரும்.

கணினிப் பாதுகாப்புக்காக உலகெங்கும் பின்பற்றப்படும் சிஐஎஸ் கட்டுப்பாடுகளின் பட்டியலில், முதல் இடத்தில் இருப்பது வைரஸ் தடுப்பு அல்ல, சாதனங்களின் கணக்கெடுப்பு. இரண்டாவது, மென்பொருள்களின் கணக்கெடுப்பு. தன்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாத நிறுவனம் எதைப் பாதுகாக்கும்?

அரசாங்க அலுவலகத்து ஸ்டிக்கர் சொல்லும் பாடம்

அரசாங்க அலுவலகத்துக்குப் போனால், கணினியிலும் நாற்காலியிலும் ஒட்டியிருக்கும் பதிவு எண்ணைக் கவனித்துப் பாருங்கள். 'ஹாக் கெராஜாஆன் மலேசியா', அதாவது மலேசிய அரசாங்கத்தின் உடைமை என்ற அடையாளமும் இருக்கும். நிதி அமைச்சின் அசையும் சொத்து நிர்வாக விதிமுறை அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்த விதிமுறை ஒரு பொருளின் வாழ்க்கையைப் படிப்படியாகப் பிரிக்கிறது: பெறுதல், பதிதல், பயன்படுத்துதல், பரிசோதித்தல், பராமரித்தல், இடம் மாற்றுதல், கழித்தல். பொருள் காணாமல் போனால் அதற்கும் தனி நடைமுறை உண்டு. எந்தப் படியிலும் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

சிறு நிறுவனத்துக்கு அத்தனை படிவங்கள் தேவையில்லை. ஆனால் அந்தப் படிகள் அப்படியே பொருந்தும். பல நிறுவனங்களில் முதல் படி மட்டும் ஒழுங்காக நடக்கிறது: பொருளை வாங்கி, ரசீதைக் கோப்பில் வைப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொருளுக்கு என்ன ஆனது என்று எழுதி வைக்க ஆள் இருக்காது.

பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். ஐம்பது சாதனங்கள் வரை ஓர் எக்செல் தாளே போதும். ஒரு சாதனத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் இவை இருக்கட்டும்:

• நீங்கள் கொடுக்கும் எண் (அதே எண் சாதனத்தில் ஸ்டிக்கராகவும் இருக்க வேண்டும்)
• தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண்
• வாங்கிய தேதி, கடை, விலை, வாரண்டி முடியும் தேதி
• இப்போது யார் கையில், எந்தக் கிளையில் இருக்கிறது
• எந்த இயங்குதளம், டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டதா
• அதில் என்ன வகைத் தகவல் இருக்கிறது
• எப்போது, எப்படிக் கழிக்கப்பட்டது

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழித்த பொருளின் வரியைத் தாளிலிருந்து அழித்துவிடக் கூடாது. 'கழிக்கப்பட்டது' என்று குறித்து அப்படியே வைத்திருங்கள். பின்னால் கேள்வி வந்தால் காட்டுவதற்கு அதுதான் சாட்சி.

வருமான வரிக்கும் இது உதவும். நிறுவனங்கள் தங்கள் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கணினி வாங்கிய செலவுக்கு வரிக் கழிவு கோரினால், அது எப்போது வாங்கியது, எவ்வளவு, இப்போது என்ன ஆனது என்பதற்கெல்லாம் பதில் வேண்டும்.

இப்போது ஏன் அவசரம்?

முதல் காரணம், விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கலாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகளும் மாற்ற வேண்டிய பட்டியலுக்கு வந்துவிட்டன. எந்தக் கிளையில் எத்தனை விண்டோஸ் 10 கணினிகள் இருக்கின்றன? பதிவேடு இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இல்லையென்றால் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க வேண்டும்.

இரண்டாவது காரணம், சட்டம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 2024-இல் அது திருத்தப்பட்டு, 2025-இல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. சட்டத்தின் தகவல் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. அதிகபட்சச் சிறைத்தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டானது.

2025 ஜூன் 1 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்துகொண்டது. தகவல் கசிந்து, அதனால் பெரிய பாதிப்பு ஏற்படக்கூடும் என்றால், 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் கேள்விக்குத் திரும்புவோம். லேப்டாப் காணோம் என்று திங்கட்கிழமை காலையில் தெரிகிறது. அது எந்த லேப்டாப், அதில் யாருடைய தகவல் இருந்தது, டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்ததா என்று கண்டுபிடிப்பதிலேயே இரண்டு நாள் போனால், 72 மணி நேரத்தில் மிச்சம் ஒரு நாள்தான்.

பெரிய வங்கியே சறுக்கிய கதை

"நம்மகிட்ட அப்படி என்ன இருக்கு, யாரு தேடப்போறாங்க?" என்று நினைப்பவர்கள் மார்கன் ஸ்டான்லி வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த அமெரிக்க நிதி நிறுவனத்தின் ஒரு பிரிவு, தன் பழைய சர்வர்களையும் ஆயிரக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளையும் கழிக்கும் வேலையை, தகவல் அழிப்பில் எந்த அனுபவமும் இல்லாத ஒரு சாமான் ஏற்றும் நிறுவனத்திடம் கொடுத்தது. சாதனங்கள் கைமாறி, சில இணைய ஏலத் தளத்தில் விற்பனைக்கு வந்தன. 2017-இல் ஒக்லஹோமா மாநிலத்து ஐடி ஆலோசகர் ஒருவர், தாம் இணையத்தில் வாங்கிய டிஸ்க்குகளில் உங்கள் தகவல்கள் இருக்கின்றன என்று அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினார்.

அதோடு முடியவில்லை. கிளைகளில் சாதனங்களை மாற்றியபோது 42 சர்வர்கள் எங்கே போயின என்று கணக்குக் காட்ட முடியவில்லை. அவற்றில் என்கிரிப்ட் செய்யும் வசதி இருந்தும் பல ஆண்டுகளாக அதை முடுக்கிவிடவில்லை என்பதும் தெரியவந்தது. ஏறக்குறைய 1.5 கோடி வாடிக்கையாளர்களின் தகவலைப் பாதுகாக்கத் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இதில் எந்த ஹேக்கரும் உள்ளே நுழையவில்லை. பழைய சாமானை யாரிடம் கொடுத்தோம், அவர்கள் என்ன செய்தார்கள் என்று சரிபார்க்காததுதான் தவறு.

டிலீட் செய்தால் அழிந்துவிடுமா?

அழியாது. கோப்பை டிலீட் செய்து, குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலும், பெரும்பாலும் தகவல் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அந்த இடத்தை இனிமேல் வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்று கணினி குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சாதாரண ஃபார்மட்டும் ஏறக்குறைய அப்படியே.

அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி மூன்று நிலைகளைச் சொல்கிறது. முதலாவது, மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் மேலெழுதி அழிப்பது. இரண்டாவது, ஆய்வகக் கருவி கொண்டும் மீட்க முடியாதபடி துடைப்பது. மூன்றாவது, டிஸ்க்கையே நொறுக்குவது.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு முதல் முறை பொருந்தும். எஸ்எஸ்டி அப்படியில்லை. அது தகவலை உள்ளே இடம் மாற்றி மாற்றி எழுதுவதால், மேலெழுதினாலும் சில பகுதிகள் தப்பிவிடலாம். அதற்குத் தயாரிப்பாளரே தரும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

இதைவிட எளிய வழி, வாங்கிய முதல் நாளிலேயே முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்வது. விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் என்று இந்த வசதி கூடவே வருகிறது. அப்படிச் செய்த லேப்டாப் திருடு போனாலும், சாவி இல்லாதவர் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாது. ஆனால் மீட்புச் சாவியைப் பத்திரமான வேறோர் இடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் உங்களாலும் திறக்க முடியாது.

பழைய பேப்பர் லோரியில் போடலாமா?

குடியிருப்புப் பகுதிகளில் 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லோரியை நமக்கெல்லாம் தெரியும். பழைய பேப்பர், இரும்போடு கணினியும் ஏறிப்போவது உண்டு. அலுவலகக் கணினியை அப்படி அனுப்புவது சரியல்ல.

2005-ஆம் ஆண்டு திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறையின்கீழ், ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவை கலந்த மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்ற தனி எண் உண்டு. நிறுவனங்கள் அதைச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடங்களுக்கே அனுப்ப வேண்டும். கொடுக்கும்போது இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த சீரியல் எண்கள் ஒப்படைக்கப்பட்டன என்ற பட்டியல், தகவல் அழிக்கப்பட்டதற்கான சான்றிதழ். இரண்டையும் பதிவேட்டோடு சேர்த்து வைத்தால் வேலை முடிந்தது.

ஐநா அமைப்புகள் பங்கேற்ற ஓர் உலகளாவிய அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

இன்னும் ஓடும் கணினியை உடனே கழிவாக்க வேண்டும் என்பதில்லை. தகவலை முறையாக அழித்துவிட்டு, லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம். தேவைப்படும் மாணவருக்குக் கொடுக்கலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கொடுங்கள்.

நீங்கள் ஊழியராக இருந்தால்?

பதிவேடு முதலாளிக்கு மட்டும் உதவுவதல்ல, உங்களையும் காப்பாற்றும். லேப்டாப் வாங்கும்போது சீரியல் எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். வேலையை விடும்போது திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் சொந்த ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "அந்த லேப்டாப் உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

எங்கே தொடங்குவது?

ஒரு மதிய வேளை போதும். ஸ்டிக்கரும் கைத்தொலைபேசியும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் சீரியல் எண்ணையும் படம் பிடித்து, எண் ஒட்டி, தாளில் ஏற்றுங்கள். ஸ்டோர் ரூமையும் அலமாரியின் அடித்தட்டையும் விட்டுவிடாதீர்கள். மறந்துபோன ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

அதன்பிறகு ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும். அடுத்த முறை வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வரும்போது, "எண் 014, கிள்ளான் கிளை, இரண்டாவது மேசை" என்று நீங்கள் ஒரே வரியில் பதில் போடலாம்.