அறிவுக்கும் வழிச்செலவு வேண்டும்

கஹவத்தையைச் சூழ்ந்த வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் மாணிக்கக் குழி தோண்டுவோரை நாம் சிறுவயது முதலே கண்டு வந்துள்ளோம். குழியிலிருந்து ஏற்றிய சரளையைக் கூடையிலிட்டு நீரில் அரிக்கும்போது அவர்களுடைய கண்கள் தேடுவன நீலமும் புட்பராகமுமே. ஆயினும் இரத்தினபுரி மாவட்டத்துச் சரளையில் வேறொரு பொருளும் சில வேளைகளில் அகப்படும். அது கல்லாய் இறுகிய ஓர் எலும்பாக இருக்கலாம். ஒரு பல்லாகவும் இருக்கலாம். சந்தையில் விலைபோகாத அப்பொருளை மதித்து ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல அவர்கள். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கியவர். இத்தீவில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் உலாவின என்பதை இம்மாவட்டத்து எச்சங்களைக் கொண்டே அவர் எடுத்துக் காட்டினார். குருவிட்டையிற் கிடைத்த பல்லைக் கொண்டு, சிங்கமும் இங்கு வாழ்ந்தது என்று 1939 ஆம் ஆண்டில் எழுதினார்.

ஒரு பல்லைக் கையிலெடுத்து, “இது சிங்கத்தின் பல்” என்று எங்ஙனம் துணிந்து கூறுவது? வேறு சிங்கங்களின் பற்களோடும், புலியின் பற்களோடும், சிறுத்தையின் பற்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றிக் கூற இயலாது. அறிவியலில் ஒப்பிடாமல் பெயரில்லை. செடியாயினும் தவளையாயினும் ஓர் இனத்திற்கு முதன்முதலிற் பெயரிடுவோர், அப்பெயருக்குச் சாட்சியாக ஓர் உடலையோ உலர்த்திய செடியையோ குறித்து வைப்பர். அதனை மூலமாதிரி எனலாம். காணிக்கு உறுதி எப்படியோ, பெயருக்கு மூலமாதிரி அப்படி. ஐயம் எழுந்தால் அதனிடமே போய்க் கேட்க வேண்டும். அது வராது, நாமே போக வேண்டும். இயற்கை வரலாற்று நூதனசாலைகளுக்கு அறிஞர்கள் சென்று ஆராய்வதற்குப் பொருளுதவி அளிக்கும் வழக்கம் தோன்றியதன் காரணம் இதுவே.

இனி, நம் நாட்டு உறுதிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். 1670களில் ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராக இலங்கையிற் பணிபுரிந்த போல் ஹெர்மன் என்பவர், இங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்தார். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் அத்தொகுதிகள் டென்மார்க்கில் ஒரு மருந்து வணிகரின் கையிலிருந்தன. அவர் அவற்றைச் சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் பேரறிஞருக்கு இரவல் கொடுத்தார். லின்னேயஸ் அவற்றை ஆராய்ந்து, 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவர் நம் தீவின் மண்ணை மிதித்ததே இல்லை! ஹெர்மனின் அத்தொகுதிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. மண் நம்முடையது, மழை நம்முடையது; செடிகளின் பெயருக்குரிய சாட்சியோ கடலுக்கு அப்பால்.

பயணம் எப்பொழுதும் ஒரே திசையில்தான் நடந்தது என்று எண்ணிவிடலாகாது. 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூந்தோட்டத்தில் துவைற்றீஸ், திரைமன் முதலிய பணிப்பாளர்கள் காலத்தில் உலர்த்திய தாவரங்களின் பெருஞ் சேகரம் ஒன்று வளர்ந்தது. திரைமன் எழுதத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893 முதல் வெளிவந்தது. 1896 இல் அவர் காலமாகவே, ஹூக்கர் அதனை நிறைவு செய்தார். அதனைப் புதுக்கி எழுதும் வேலை 1960களின் பிற்பகுதியில் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் அதிற் கூடி உழைத்தன. பல நாட்டுத் தாவரவியலார் இங்கு வரவழைக்கப்பட்டுப் பேராதனைத் தாள்களையும் நம் காடுகளையும் நேரிற் கண்டு சென்றனர். எம். டி. தசநாயக்க, பொஸ்பெர்க் ஆகியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய அந்நூல் 1980 முதல் 2006 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது.

அவ்வறிஞர்களின் வழிச்செலவு எங்கிருந்து வந்தது? இங்கேதான் தோட்டத்து மக்களாகிய நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1954 ஆம் ஆண்டின் 480 ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தின் கீழ் அமெரிக்கா தன்னிடம் மிகுந்த தானியங்களைப் பல நாடுகளுக்கு அவ்வந்நாட்டு நாணயத்திற்கே விற்றது. அவ்வாறு சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. இலங்கைத் தாவர ஆராய்ச்சிக்கு உதவியது அந்த நிதியே. லயத்து அடுப்பில் கோதுமை மா ரொட்டி சுட்டுப் பசியாறி மலையேறிய மக்களின் பிள்ளைகள் நாம். உணவுக்கென்று இந்நாடு கொடுத்த ரூபாவில் ஒரு பங்கு, இந்நாட்டுச் செடிகளின் பெயரைச் செம்மை செய்யப் பயன்பட்டது. அறிவு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. யாரோ ஒருவருடைய உழைப்பு அதற்குக் கூலி கொடுக்கிறது.

அண்மைக் காலத்துச் செய்தி இன்னும் மனத்தைத் தொடுவது. 2005 ஆம் ஆண்டில் கெலும் மனமேந்திர ஆராச்சி, ரொஹான் பெத்தியகொட ஆகிய இருவரும் நம் நாட்டுப் புதர்த் தவளைகளை ஆராய்ந்து 27 புதிய இனங்களுக்குப் பெயரிட்டனர். புதியவை என்று துணிய, பழைய மூலமாதிரிகளைப் பார்த்தாக வேண்டுமல்லவா? அத்தகைய பழைய சாடிகளை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் புலனாயிற்று. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட உடல்களில் இரண்டு இனங்கள் பெயரே இடப்படாமல் கிடந்தன. 2007 இல் அவற்றுக்குப் பெயர் சூட்டினர். அதற்குள் அவ்விரண்டும் உலகைவிட்டே மறைந்து போயின. பிறந்த பிள்ளைக்கு இறந்த பின் பெயர் வைத்த கதை இது. யாரேனும் ஒருவர் நூறாண்டுக்கு முன்னே அச்சாடியைத் திறந்து பார்த்திருந்தால் எத்துணை நலமாயிருக்கும்!

எதிர்மாறான செய்தியும் உண்டு. 1853 இல் கெலார்ட் என்னும் மருத்துவர் பெயரிட்ட ஒரு புதர்த் தவளை ஒன்றரை நூற்றாண்டாக எவர் கண்ணிலும் படவில்லை. அதன் மூலமாதிரியும் தொலைந்து போயிற்று. 2009 இல் நம் சிவனொளிபாத மலைக்காட்டில் அது உயிரோடு காணப்பட்டது. 2013 இல் அச்செய்தி அறிவியல் உலகுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது.

ஐரோப்பிய நாடுகள் இதன் அருமையை நன்கு உணர்ந்தன. 2004 முதல் 2023 வரை, இடைவெளிகளோடு நான்கு கட்டங்களாக, சிந்தெசிஸ் என்னும் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் நடத்தியது. இலண்டன், பாரிஸ், பெர்லின், லைடன் முதலிய நகரங்களின் சேகரங்களைக் காணச் செல்லும் ஆராய்ச்சியாளருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் நாட்செலவும் அதன் மூலம் கிடைத்தன. எனினும் பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளிலும் அவற்றோடு இணைந்த நாடுகளிலும் பணியாற்றுவோருக்கே அக்கதவு திறந்திருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக விலங்கியல் நூதனசாலை, ஏர்ன்ஸ்ட் மயர் பெயரால் இத்தகைய பயண உதவியை வழங்கி வந்துள்ளது.

“இக்காலத்தில் படங்களெல்லாம் கணினியிலேயே கிடைக்கின்றனவே, பயணம் எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். ஹெர்மனின் தாள்களைக் கணினித் திரையில் இங்கிருந்தே காணலாம் என்பது உண்மையே. அது பெரும் பேறு. ஆயினும் படத்தில் பல்லைப் புரட்டிப் பார்க்க முடியாது. தவளையின் விரலிடைச் சவ்வை விரித்து அளக்க முடியாது. பூவைப் பிரித்து மகரந்தத்தை நோக்க முடியாது. மணமகளின் படத்தைப் பார்த்தாலும் பெண் பார்க்கப் போகாமல் இருக்கின்றோமா?

ஆதலின் இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? இலண்டனுக்கு வழிச்செலவு கொடுக்க நம் சங்கத்தால் இயலாது. பேராதனைக்கும் கொழும்புக்கும் கொடுக்க இயலும். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையை நம்மிற் பலர் பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு மணி நேரம் வரிசையில் நடந்து பார்த்ததோடு சரி. ஆண்டுதோறும் விழாச் செலவில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, விஞ்ஞானம் பயிலும் தோட்டத்து மாணவர் ஒருவரை ஒரு வார காலம் அச்சேகரங்களுக்கு அனுப்பி வைப்போமாக. அவர் திரும்பி வந்து, தாம் கண்டதை அடுத்த ஆண்டு மலரில் எழுதட்டும்.

இம்மலைகளில் காடு வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் நம் முன்னோர். எந்தச் செடி எந்தச் சரிவில் முளைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் பெயர் எந்த நூதனசாலைச் சீட்டிலும் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளை ஒருவர் அந்தச் சாடியைத் தம் கையால் திறந்து பார்க்கும் நாள் வரவேண்டும். அதற்கு முதற்படி ஒரு பேருந்துச் சீட்டுத்தான். அதை வாங்கிக் கொடுப்பது நம் கடன்.