துடுக்குப் பேச்சு குற்றமாக இருந்த மலையில்

ஹட்டன், நுவரெலியா பக்கம் தொழிற்பயிற்சிக்குப் போகிற நம்ம பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “வேலை நல்லா செய்வாங்க, ஆனா வாயைத் திறக்க மாட்டாங்க.” சந்தேகம் கேட்பது, செய்ததை விளக்குவது, குழுவாகப் பேசி முடிவெடுப்பது எல்லாம் எந்தத் தொழிலுக்கும் வேண்டிய அடிப்படைத் திறன்கள். கூச்ச சுபாவம் என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனா இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

தோட்டத்தில் தொரை சொல்வார். கங்காணி அதை லயத்துக்குக் கொண்டுவருவார். விடியற்காலைப் பெரட்டில் வேலை பிரியும். “ஏன்?” என்று கேட்க அங்கே இடமில்லை. 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, கட்டளையை மீறுவது மட்டுமல்ல, எசமானிடம் துடுக்காகப் பேசுவதும் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம்!

பள்ளிக்கூடமும் இதை மாற்றவில்லை. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. அந்தப் பிள்ளைகள் படித்து வெளியேறினால் கொழுந்து பறிக்க ஆள் ஏது? 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியேதான் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான்.

அதுக்காக நம்ம சனம் வாய்மூடியே கிடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1931 இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மீனாட்சி அம்மை பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். பேச இடம் கிடைத்தபோது மலை பேசியது.

இன்று அந்தப் பேச்சுக்கு ஒரு விலையும் உண்டு. 2004 இல் தொடங்கிய தேசிய தொழிற்தகைமை முறையில், அதாவது என்.வி.கியூவில், ஏழு நிலைகள். மதிப்பீட்டாளர் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். அப்படி ஏன் செய்தாய் என்றும் கேட்பார். அனுபவத்தில் தொழில் கற்றவர்களும் முன்கற்றல் அங்கீகாரம் வழியாகச் சான்றிதழ் எடுக்கலாம். அதுக்கும் தன் வேலையைத் தானே ஆதாரத்தோடு எடுத்துச்சொல்ல வேணும். முடியாவிட்டால்? கொழும்பில் பத்து வருசம் வயரிங் செய்த கையும் “உதவியாள்” சம்பளத்தில்தான் நிற்கும்.

ஆகவே பேச்சுத் திறனைக் கடைசி வாரத்தில் ஒரு விரிவுரையாக நடத்திப் பயனில்லை. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த வேலையைத் தன் தமிழில் நாலு பேருக்கு விளக்கட்டும். பயிற்றுநரிடம் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அதைத் திமிர் என்று நினைக்காத பட்டறை வேணும்.