சதுரக் காசு

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே இன்று எந்தக் கடையிலும் செல்லாத காசுகள். சதுரமாக ஐந்து பைசா, விளிம்பு நெளிந்த பத்து பைசா, ஆறு பக்கம் கொண்ட இருபது பைசா. எல்லாம் அலுமினியம், உள்ளங்கையில் கொட்டினால் கனமே தெரியாது. சென்னையில் ஒரு சிறப்புப் பள்ளியில் 1982-இல் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது இந்த டின்தான் எனக்குக் கணக்குப் புத்தகம். அன்று எங்கள் பிள்ளைகளை ‘மனவளர்ச்சி குன்றியவர்கள்’ என்று எழுதினார்கள். இன்று ‘அறிவுசார் குறைபாடு உடையவர்கள்’ என்று எழுதுகிறோம். பெயர் மாறிற்று. இவர்களுக்குக் கணக்கு எதற்கு என்ற கேள்வி மட்டும் நான் ஓய்வு பெறும் நாள்வரை மாறவில்லை.

பெற்றவர்களே கேட்டதுண்டு. “பேர் எழுதவும் பஸ் நம்பர் பாக்கவும் கத்துக் குடுங்க டீச்சர், கணக்கெல்லாம் வேணாம்” என்றார் ஒரு தாய். மூன்று பள்ளிகள் கதவடைத்த பிறகு எங்களிடம் வந்தவர், ஆசைப்படவே பயந்துபோயிருந்தார். பஸ் நம்பர் பார்ப்பதும் கணக்குதானம்மா என்றேன். 12-இல் ஏற வேண்டிய பிள்ளை 21-இல் ஏறிவிடக் கூடாதே.

அந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல். தெற்குப் பிரான்சில் அவேரோன் பக்கத்துக் காட்டில் திரிந்து 1800-இல் பிடிபட்ட, பேச்சில்லாத சிறுவன் ஒருவனைப் பாரிசில் இத்தார் என்ற மருத்துவர் ஏற்றுக்கொண்டு, விக்டர் என்று பெயரிட்டுக் கற்பிக்க முயன்றார். அவரிடம் பாடம் கேட்ட எடுவார் செகன் 1840-களில் பிசேத்ர் மனநல விடுதியில் இருந்த பிள்ளைகளிடம் போனார். பலகையில் வட்டமும் சதுரமும் முக்கோணமுமாகக் குழி வெட்டி, அதே வடிவ மரத்துண்டுகளைக் கையில் கொடுத்தார். கையும் கண்ணும் பழகிய பிறகுதான் சொல்லும் எண்ணும் என்பது அவர் முறை. பிறகு அமெரிக்கா போய், அந்த அனுபவத்தையெல்லாம் 1866-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நான் பயிற்சி பெற்ற ஆண்டில் அந்தக் குழிப்பலகையை முதன்முதலில் தொட்டேன். நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு பிள்ளை தடவிய அதே சதுரம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

செகனை மறதியிலிருந்து மீட்டவர் மரியா மாண்டிசோரி. 1900-இல் ரோமில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் அவர் வேலை செய்தார். இத்தார், செகன் இருவருடைய எழுத்தையும் இத்தாலியனில் பெயர்த்துத் தன் கையாலேயே முழுதும் எழுதிப் படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினார்கள். ஊர் வியந்தது, அவரோ, குறையில்லாத பிள்ளைகள் ஏன் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறார்கள் என்று யோசித்தார். அந்த யோசனையில்தான் 1907-இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் பிறந்தது.

10 சென்டிமீட்டரில் தொடங்கி ஒரு மீட்டர் வரை சிவப்பும் நீலமுமாகப் போகும் பத்து எண்கோல்கள் அந்த வழியில் வந்தவை. ‘செகன் பலகை’ என்று இன்றும் அவர் பெயரிலேயே ஒன்று உண்டு. 10, 10, 10 என்று கீழ்மேலாக எழுதியிருக்கும். பூச்சியத்தின் மேல் 1 என்ற தகட்டைச் செருகினால் 11, 2-ஐச் செருகினால் 12. பன்னிரண்டுக்குள் ஒரு பத்து ஒளிந்திருப்பதைக் கை கண்டுகொள்ளும்.

மாண்டிசோரி 1939 நவம்பரில் நம் அடையாறுக்கே வந்தார். பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார். அவர் வழியில் பயின்றவர்கள் ஊர் ஊராகப் பள்ளி நடத்தினார்கள். என் பேத்தி படித்த பள்ளியில் அலமாரி நிறைய இந்தப் பொருள்கள். அங்கே செகன் பலகையைக் கையில் எடுத்தபோது தொண்டை அடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்காகப் பிறந்த பலகை அது. அந்த அறையில் எங்கள் பிள்ளை ஒருவர்கூட இல்லை. என் பள்ளியில் இந்தப் பொருள்களை வாங்க வசதி இல்லாமல், தெருமுனைத் தச்சரிடம் மாதிரி வரைந்து கொடுத்து எண்கோல் செய்துகொண்டோம். வர்ணம் நாங்களே பூசினோம்.

சென்னையில் இந்த வேலைக்குப் பழைய வேர் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் பால விஹார் 1953-இலேயே தொடங்கிவிட்டது. ஜெயச்சந்திரன், விமலா என்ற இருவர் சேர்ந்து ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டு முறையை இந்த ஊரில்தான் உருவாக்கினார்கள். 18 துறைகள், துறைக்கு 20 திறன்கள், மொத்தம் 360. பிள்ளை செய்தால் ‘ஏ’, இன்னும் செய்யவில்லையென்றால் ‘பி’. ‘தெரியாது’, ‘முடியாது’ என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. எல்லாம் ‘செய்வான்’, ‘சொல்வாள்’ என்றே எழுதியிருக்கும். எண், நேரம், பணம் மூன்றும் தனித்தனித் துறைகள். ஆக 60 திறன்கள், ஆறில் ஒரு பங்கு, கணக்கு. இவர்களுக்குக் கணக்கு எதற்கு என்பவர்களுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுவேன்.

எண்ணச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாய் முந்திவிடும், விரல் பிந்திவிடும். மூன்று புளியங்கொட்டையைத் தொடுவதற்குள் வாய் ஏழுக்குப் போயிருக்கும். இதற்குப் பல்லாங்குழிதான் எனக்குக் கைகொடுத்தது. குழிக்கு ஒரு கொட்டை போடும்போது கை நிதானத்துக்கு வந்தே ஆகவேண்டும். காலியான குழி கண்ணில் படும். விட்டுப்போனதை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

காசுக்குத் துணிப்பை. உள்ளே கையை விட்டு, பார்க்காமல் சதுரத்தை எடு. சதுரம் என்றால் ஐந்து பைசா, ஐந்து பைசா என்றால் ஒரு ஆரஞ்சு மிட்டாய். பள்ளிக்கு எதிரே இருந்த அண்ணாச்சி பொறுமைசாலி, நிஜக் கடையிலேயே பாடம் நடத்த விட்டார். ஆனால் அவர் வாயில் 25 பைசா ‘நாலணா’, 50 பைசா ‘எட்டணா’. அணா 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே போய்விட்டது, பேச்சிலிருந்து போகவில்லை. காசின் மேல் 25 என்று வாசிக்கும் பிள்ளையின் காதில் நாலு என்று விழுந்தால் அவன் எதை நம்புவான்? இரண்டு பெயரையும் சேர்த்தே பழக்கினேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் இருப்பதுபோல, வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று.

1988-க்குப் பிறகு எஃகுக் காசுகள் வந்தன. 10, 25, 50 மூன்றும் வட்டம், மூன்றும் ஒரே வெள்ளை, அளவில் சில மில்லிமீட்டர் வித்தியாசம். என் துணிப்பைப் பாடம் உதவாமல் போயிற்று. பதினோரு முகம் கொண்ட இரண்டு ரூபாய் போய் 2005-க்குப் பிறகு அதுவும் வட்டமாகி, ஒரு ரூபாயோடு குழம்பிற்று. கண் நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறினார்கள். 2007-இல் வந்த காசுகளில் விரல் முத்திரை இருந்தது. ஒரு ரூபாயில் ஒரு கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். அதைப் பார்த்த நாள் எனக்குப் பண்டிகை. ஒரு பெண் காசைப் பார்த்துத் தன் விரலையும் அப்படியே நீட்டி “ரெண்டு” என்றாள். பிறகு அந்த வரிசையும் மாறியது. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் செல்லாதவை.

பணத்தாளில் பட்ட பாடு இன்னும் பெரியது. பழைய 50 ரூபாய் ஊதா, பழைய 100 நீலப்பச்சை. நிறம் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் தாளை அறிவார்கள். 2016 நவம்பருக்குப் பிறகு வந்த புதிய வரிசையில் 50 நீலமாயிற்று, 100 இளம் ஊதாவாயிற்று. இரண்டு ஆண்டு உழைத்துக் கற்ற ஒருவனுக்கு நூறும் ஐம்பதும் இடம் மாறிவிட்டன. பழையதும் புதியதும் சேர்ந்தே புழங்கின. இந்த மாற்றங்களைத் தீர்மானித்த மேசைகளில் எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு நாற்காலி இருந்திருக்க வேண்டும். நான் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு நிறத்தை விட்டுவிட்டு வேறொன்று பழக்கினேன். எல்லாம் பத்து ரூபாய்த் தாளாகவே கொடுத்து, விலை 34 என்றால் முன்னால் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டு: நான்கு தாள். மீதியைக் கடைக்காரர் தருவார். ‘ஒன்று கூட’ என்ற இந்த முறையை அமெரிக்காவிலும் சிறப்பாசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அமெரிக்காவின் பெயரை எடுத்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். 1976-இல் விஸ்கான்சினில் லூ பிரவுனும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வளர்ந்த பிள்ளைகளை உட்கார வைத்து மணி கோக்கவும் முளை செருகவும் வைத்து நாளைப் போக்குகிறோம், வெளியே வாழ என்ன தேவையோ அதைக் கற்பியுங்கள் என்றார்கள். எங்கள் பயிற்சி வகுப்புகளுக்கும் அந்தக் குரல் வந்துசேர்ந்தது. நான் அதை வேதமாகவே எடுத்துக்கொண்டேன். காசு, கடிகாரம், பஸ். இதைத் தாண்டி முப்பது ஆண்டு நான் யோசிக்கவில்லை. 2008-இல் டயான் பிரௌடர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1975 முதல் 2005 வரையான 68 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை எண்ணுதலிலும் பணத்திலும் நின்றுவிட்டதைக் கண்டார்கள். வடிவியல், இயற்கணிதம் பக்கம் போனவர்கள் மிகக் குறைவு. அவர்கள் குழு, கையில் எடுத்து வைக்கும் பொருள்களைக் கொண்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமன்பாடே கற்பித்தது. மூன்று இருக்கிறது, ஐந்து வேண்டும், இன்னும் எத்தனை?

அதைப் படித்த அன்று எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, அப்போது பதினாலு வயது. வாயால் எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. ஏழு நாலணாவை எண்ணித் தரச் சொல்லி, வராமல், அவள் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் ‘பி’ போட்டிருக்கிறேன். ஒரு மார்கழிக் காலையில் அவள் வீட்டுப் பக்கம் போக நேர்ந்தது. வாசலில் அவள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி. நடுவில் ஏழு, மேலே ஆறு, கீழே ஆறு, பிறகு ஐந்து, ஐந்து, நாலு, நாலு, அங்கே நின்றாள். ஒரு புள்ளி பிசகவில்லை. அம்மா சொல்லித் தந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறையும் என்பதும், இரண்டு புள்ளிக்கு நடுவேதான் அடுத்தது விழும் என்பதும் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. பனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘பி’ போட்டது என் கை என்பது அப்போது உறைத்தது.

மறுநாள் கோலப்பொடியை வகுப்புக்கு எடுத்துப் போனேன். எட்டு மாதம் ஆயிற்று, அவள் வாயும் புள்ளியும் ஏழுவரை சேர்ந்து வர. இருபதுக்கு மேல் அவள் கடைசிவரை போகவில்லை. ஆனால் ஒன்பது புள்ளிக் கோலத்தை அவளே யோசித்து வைத்தாள், யாரும் சொல்லித் தராமல்.

இந்தப் பொங்கலுக்கு என் முதல் வகுப்புப் பையன் ஒருவன் தங்கையோடு வந்திருந்தான். பையன் என்கிறேன், ஐம்பதைத் தாண்டிவிட்டான், தலை நரைத்திருக்கிறது. இப்போது தங்கை போனைப் பிடித்துக்கொள்ள, கடையில் கட்டத்தை ஸ்கேன் செய்து தொகையைத் தட்டுவது அவன்தானாம். காசே கையில் வருவதில்லை என்றாள். டின்னைத் திறந்து அவன் முன்னால் கொட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு சதுரத்தை எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவி, “அஞ்சு” என்றான். இன்னும் மூன்று சதுரங்களைத் தேடி அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தான். எதிரே ஓர் இருபது பைசாவை வைத்தான். சமமதிப்பு நான் அவனுக்குக் கற்பித்ததே இல்லை. வராது என்று விட்டுவிட்டேன்.

“டீச்சர், இருபது” என்றான். பிறகு மறுபடி குவியலைத் துழாவி, நெளிந்த பத்து பைசா இரண்டு தேடத் தொடங்கினான்.