தலையிடியும் தாடையும்

தலையிடிக்கு மருந்து தேடுவோர் கண்ணைச் சோதிப்பிப்பர், மூக்கடைப்பை ஐயுறுவர், வெயிலையும் பித்தத்தையும் நொந்துகொள்வர். நாள்தோறும் உணவை மெல்லும் தாடையை ஐயுறுவோர் மிகச் சிலரே. ஆயினும், சிலரது தலையிடிக்குத் தாடையும் பற்களும் காரணமாதல் உண்டு என்பதை மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொண்டுள்ளது. இவ்வுண்மை ஒருநாளில் வெளிப்பட்டதன்று. தவறான கொள்கைகள் பல தோன்றி, அவற்றால் நோயாளர் பலர் நல்ல பற்களையும் இழந்த பின்னரே அது தெளிவுபெற்றது.

தாடைமூட்டைப் பற்றிய அறிவு மிகப் பழையது. இடம்விலகிய தாடையைப் பெருவிரல்களை வாயினுள் வைத்து அழுத்தி மீண்டும் பொருத்தும் முறையைப் பண்டை எகிப்தியரின் மருத்துவச் சுவடி ஒன்று கூறுகின்றது. ஆயின், தாடையிலே தோன்றிய நோவு தலைக்கு ஏறும் வழியை அக்காலத்தார் அறிந்திலர். அவ்வழி புலப்படுவதற்கு நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சி வளர வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சாள்ஸ் பெல் முதலிய அறிஞர், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு, முகத்தசைகளை அசைக்கும் நரம்பு வேறு எனப் பிரித்துக் காட்டினர். உணர்ச்சிக்குரியது ஐந்தாம் மண்டை நரம்பு. அதன் மூன்று கிளைகளுள் ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்றொன்று மேற்றாடைக்கும், பிறிதொன்று கீழ்த்தாடைக்கும் செல்கின்றன. கிளைகள் மூன்றாயினும் அவை சென்றடையும் நிலையம் மூளையின் அடியில் ஒன்றே. ஆதலின், ஒரு கிளையிற் பிறந்த நோவு மற்றொரு கிளைக்குரிய இடத்தில் எழுந்ததுபோலத் தோன்றுதல் இயல்பு. கடைவாய்ப் பல் பழுதுற்றவனுக்குக் காதும் நெற்றிப்பொட்டும் குத்துவது இதனாலேயே.

இவ்வறிவு வளர்ந்துவந்த காலத்தில், வேறொரு கொள்கை பெரும் புயலாக எழுந்தது. 1910ஆம் ஆண்டிலே வில்லியம் ஹன்ரர் என்னும் பிரித்தானிய மருத்துவர், கனடாவின் மொன்றியல் நகரில் ஆற்றிய உரையொன்றில், பற்களின் அடியில் மறைந்திருக்கும் நச்சுச் சீழே உடலின் பல நோய்களுக்கும் மூலம் என முழங்கினார். அழுகிய பல்லைப் பேணுதல் தீது என்ற அளவில் அவர் கூற்றில் உண்மை இருந்தது. ஆனால், அதனைப் பற்றிக்கொண்டோர் எல்லை கடந்தனர். காரணம் புலப்படாத நோய்களுக்கெல்லாம் பற்கள் பிடுங்கப்பட்டன. பிடுங்கிய பின்னரும் நோய் நீங்காமையைக் கண்டு, 1930களின் பின்னரே இக்கொள்கை தளர்ந்தது. போன பற்கள் மீண்டில.

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயி நகரத்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரான ஜேம்ஸ் கொஸ்ரன் புதியதொரு கருத்தை வெளியிட்டார். காதடைப்பு, காதிரைச்சல், தலைச்சுற்று, தலையிடி ஆகியவற்றால் வருந்திய பதினொரு நோயாளரை ஆராய்ந்து, கடைவாய்ப் பற்களை இழந்தமையால் அவர்தம் தாடை மிகையாக மூடி, மூட்டின் அருகிலுள்ள நரம்புகளை நெரிக்கின்றது என்றார். பொய்ப்பற்களால் தாடையை உயர்த்தினால் நோவு தணியும் என்பது அவர் கண்ட பரிகாரம். காது மருத்துவரும் பல் வைத்தியரும் ஒரே நோயாளியை ஒருங்கே நோக்கும் வழக்கம் இதனால் வளர்ந்தது.

எனினும், 1948ஆம் ஆண்டில் உடற்கூற்று அறிஞர் ஹரி சிக்கர், கொஸ்ரன் கூறியவாறு அந்நரம்புகள் நெரிபடுதற்கு அம்மூட்டின் அமைப்பு இடந்தராது எனக் காட்டினார். நோவு மெய், அதற்குச் சொன்ன காரணமே பிழை. அவ்வாறாயின் மெய்க்காரணம் யாது? 1950களில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லஸ்லோ சுவார்ட்ஸ், எலும்பை விடுத்துத் தசையை நோக்கினார். மெல்லுதற்குரிய தசைகளுள் ஒன்று நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்துள்ளது. பல்லைக் கடித்தால் அது இறுகுவதை விரல்வைத்து உணரலாம். உறக்கத்திற் பல்லை நெறுமுவோரிடத்தும், மனக்கவலையாற் பகலெல்லாம் பல்லை இறுகக் கடிப்போரிடத்தும் அத்தசை ஓய்வின்றி வருந்துகின்றது. 1969இல் டானியல் லாஸ்கின் இக்கருத்தை மேலும் வளர்த்து, மனவிறுக்கத்தால் எழும் தசைச் சோர்வையே முதற்காரணமாக வற்புறுத்தினார்.

இன்றைய மருத்துவம் ஒரே காரணத்தைக் கூறுவதில்லை. தசை, மூட்டு, பல், மனநிலை, உறக்கம் ஆகியன கூடியே நோயை விளைவிக்கின்றன எனக் கொள்கின்றது. 2018இல் வெளிவந்த தலையிடிகளின் சர்வதேச வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பிலும் தாடைமூட்டுக் கோளாற்றால் வரும் தலையிடிக்குத் தனியிடம் உண்டு. தாடையை அசைக்கும்போது தலையிடி எழுதலோ மிகுதலோ அதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. சிகிச்சையிலும் நிதானம் வந்துள்ளது. மென்மையான உணவு, தாடைக்கு ஓய்வு, வெந்நீர் ஒற்றடம், பயிற்சி, வேண்டுமாயின் இரவில் அணியும் பற்காப்பு எனத் திருப்பிக்கொள்ளக்கூடிய முறைகளே முதலிற் கையாளப்படுகின்றன. பல்லைத் தேய்த்தலும் மூட்டை அறுத்தலும் மீளா வழிகள். அவற்றை எளிதில் நாடலாகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகத் தலையிடி தோன்றி, மெல்லும்போது தாடையும் நோகுமாயின், அது நெற்றிப்பொட்டு நாடியின் அழற்சியாக இருத்தல் கூடும். 1932இல் பயார்ட் ஹோர்ற்றன் முதலியோர் விவரித்த அந்நோய், காலந்தாழ்த்தினாற் கண்பார்வையையே கவரவல்லது. அத்தகையோர் அன்றே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

நோவு தோன்றுமிடம் வேறு, அது பிறந்தவிடம் வேறு ஆகலாம். இரண்டையும் பிரித்தறியும் பொறுமை இல்லாத காலத்தில் பற்கள் பறிபோயின. அப்பொறுமை வாய்த்த பின்னரே நோயாளர் நலம்பெற்றனர்.