விளக்கெண்ணெயும் தார்நாகா ஆய்வகமும்

ஆமணக்கு வித்தில் ரிசின் என்னும் கொடிய நச்சுப் புரதம் உண்டு. ஆயினும் அதே வித்தின் எண்ணெய் தமிழ் வீடுகளில் விளக்கெரித்தது. பேதி மருந்தாகவும் பயன்பட்டது. வித்தை வறுத்து இடித்து, நீரில் கொதிக்கவைத்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது நாட்டு முறை. ரிசின் எண்ணெயில் கரையாது, கொதிநிலையில் செயலிழக்கும். நஞ்சின் பெயரறியாத பெண்கள் அதை அடுப்படியிலேயே நீக்கினர்.

ஆமணக்கு மிகுதியாக விளைந்த ஐதராபாத் சமஸ்தானம் 1944இல் தொடங்கிய ஆய்வகமே, தார்நாகாவில் இன்றுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம். அங்கு எண்ணெய் வேதியியலில் பணியாற்றிய கே. டி. அச்சயா, 1971இல் விளக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் வேதிப்பொருள்கள் குறித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் செக்கின் வரலாற்றையும் இந்திய உணவு வரலாற்றையும் எழுதினார்.

எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். உயவுப்பொருள், நைலான் 11 ஆகியவற்றுக்கு அதுவே மூலம். அது குடலிலும் கருப்பையிலும் உள்ள ஈ.பி.3 ஏற்பியைத் தூண்டுகிறது என 2012இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். பேதிக்கும் பிரசவ வலி தூண்டவும் ஒரே எண்ணெய் கொடுக்கப்பட்டதன் காரணம் இதனால் துலங்கியது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டியதன் காரணமும் அதுவே.

மரபின் எல்லாப் பழக்கங்களும் இவ்வாறு உறுதிப்படவில்லை. கைக்குழந்தைக்கு எண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கக்கூடும். ரிசின் நீங்கிய எண்ணெய்க்கும் இவ்வபாயம் உண்டு.