ஜீப்பும் ஒழுங்கையும்

எங்கட ஊர்களில் 'ஜீப்' என்றால் அது ஒரு கம்பனியின் பெயரில்லை. உயரமாக, பெரிய ரயரோடு, முன்பக்கம் பெட்டி மாதிரி எந்த வாகனம் வந்தாலும் அது ஜீப்தான். பஜிரோவும் ஜீப், பிராடோவும் ஜீப், டிபெண்டரும் ஜீப். எங்களில் பலருக்குச் சின்ன வயதில் அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்தது ஒரு எச்சரிக்கை. "ஜீப் வருது, உள்ளுக்கு வா." வாறது பொலிஸா, ஆமியா, அமைச்சரா என்பது பிறகு. முதலில் றோட்டை விட்டு விலக வேணும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியை அரசாங்கம் திரும்பத் திறந்தபோது, ஐந்து வருசமாக அடக்கி வைத்திருந்த கதை எல்லாம் வெளியில் வந்தது. எங்கட தேநீர்க் கதைகளிலும் அதேதான். வேலைக்குப் போய் ஐந்தாறு வருசமான ஒருவர், லீசிங்கில் என்றாலும் ஒரு ஜீப்தான் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதுக்கு, "எங்கட றோட்டுகளுக்கு அதுதான் சரி" என்றார். அந்தப் பதிலில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. எங்கட றோட்டுகளுக்கு அதுதான் சரி என்றால், றோட்டே இல்லாத காலத்தில் நாங்கள் எதில் போனோம்?

அதுக்கு முதல், இந்த வாகனம் எங்கே இருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 1940இல் அமெரிக்க இராணுவம் 135 கம்பனிகளிடம் ஒரு சின்ன, பாரம் குறைந்த, நாலு சில்லும் இழுக்கிற வண்டி கேட்டது. பான்டம் என்ற சிறிய கம்பனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. போர் முடிந்த பிறகு மிஞ்சின ஜீப் ஒன்றை, இங்கிலாந்தின் றோவர் கம்பனிப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் தன்ர தோட்ட வேலைக்கு வைத்திருந்தார். இது பழுதானால் பதிலுக்கு எதை வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் லாண்ட் றோவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வைத்தார்கள். உருக்குத் தட்டுப்பாடான காலம் என்பதால் உடம்பு அலுமினியத்தில். பூச்சு, விமானப்படைக்கு வாங்கி மிஞ்சின பச்சை. ஆசனத்துக்கு மெத்தைகூட ஒழுங்காக இல்லை. டொயோட்டாவின் கதையும் இதேதான். கொரியப் போர் நேரத்தில் இராணுவத் தேவைக்கு என்று 1951இல் ஒரு வண்டியைச் செய்து, பியூஜி மலையில் ஆறாவது நிலையம் வரை ஏற்றிக் காட்டினார்கள். 1954இல்தான் அதுக்கு லாண்ட் குரூசர் என்று பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த வண்டிகளின் அளவு. முதல் லாண்ட் றோவரின் அகலம் ஏறத்தாழ 1.55 மீற்றர். எங்கட ஊர் மொறிஸ் மைனரும் அவ்வளவுதான். இன்றைய பெரிய லாண்ட் குரூசரின் அகலம் 1.98 மீற்றர், நீளம் ஐந்து மீற்றருக்குக் கொஞ்சம் குறைய, பாரம் இரண்டரைத் தொன் அளவில். சேற்றுக்கும் மலைக்கும் செய்தது சின்ன வண்டி. நல்ல றோட்டுக்கு வந்த பிறகுதான் அது வீங்கத் தொடங்கியது.

வீங்கினதுக்குக் காரணம் ஓட்டுநரின் தேவை என்று நினைத்தால் பிழை. பெரும்பங்கு காரணம் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கொஞ்சம் சிரிப்பான கதையும்கூட. அறுபதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி கூட்டியது. அதுக்குப் பழிவாங்க, 1964 தொடக்கம் இறக்குமதியாகும் சிறிய லொறிகளுக்கு அமெரிக்கா 25 வீத வரி போட்டது. ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் வானை அடிக்கத்தான் அந்த வரி. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, வரி இன்னும் இருக்கிறது. அதனால் 'இலகு லொறி' என்ற வகை அமெரிக்கக் கம்பனிகளுக்கு வெளிப்போட்டி குறைந்த வேலி அடைத்த வளவாகியது. பிறகு எண்ணெய் நெருக்கடி. 1975இல் வந்த சட்டம் கார்கள் எவ்வளவு எரிபொருளில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று எல்லை போட்டது. ஆனால் றோட்டுக்கு வெளியில் ஓடக்கூடிய வாகனத்தை அது காராகக் கணக்கெடுக்கவில்லை. கமக்காரரும் கொந்தராத்துக்காரரும் பாவிக்கிற வண்டி தானே என்று விட்டுவிட்டார்கள். தொண்ணூறுகளின் பின்பகுதியில் கார்களுக்கான அளவு லீற்றருக்கு 11.7 கிலோமீற்றர், இலகு லொறிகளுக்கு 8.8தான். எண்ணெய் குடிக்கிற கார்களுக்கு 1978இல் கொண்டுவந்த தனி வரியும் இவற்றைத் தொடவில்லை.

கம்பனிகள் சும்மா இருக்குமா? லொறிச் சட்டகத்துக்கு மேல் குடும்பம் இருக்கக்கூடிய கூடு ஒன்றை வைத்து, உள்ளே ஏ.சி.யும் தோல் ஆசனமும் போட்டு, சட்டத்துக்கு லொறி, விளம்பரத்தில் குடும்பக் கார் என்று விற்றார்கள். 1990இல் வந்த ஃபோர்ட் எக்ஸ்புளோரர் அப்படித்தான் ஒரு சிறிய பிக்கப்பின் சட்டகத்தில் எழும்பியது. பத்து வருசத்தில் அதன் உயரமே ஒரு பிரச்சினையாகியது. ரயர் உரிந்து வண்டிகள் உருண்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததில், 2000 ஓகஸ்டில் 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. ரயரின் குறையா, வண்டியின் குறையா என்று இரண்டு கம்பனிகளும் மாறி மாறிக் குற்றம் சொன்னது தனிக்கதை. அதுக்குப் பிறகும் 2003இல், 6,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கென்று வாங்கினால் ஒரு இலட்சம் டொலர் வரை வரிக் கணக்கில் கழிக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. சேற்றைக் கண்ணாலும் காணாத வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பாரமான ஜீப் எடுத்தது இப்படித்தான். (அடுத்த வருசம் அந்தத் தொகையை 25,000 ஆகக் குறைத்தார்கள்.)

இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 'ஆக்கள் விரும்பினார்கள், கம்பனி கொடுத்தது' என்பதுதான் நாங்கள் கேட்டுப் பழகின கதை. விரும்ப வைத்த விலையையும் வரியையும் யார் போட்டது என்று கதை சொல்லுவதில்லை. 2023இல் உலகத்தில் விற்ற கார்களில் 48 வீதம் இந்த எஸ்.யு.வி. வகை என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் சொல்கிறது. உலக மக்களில் பாதிப்பேர் திடீரென்று மலையேறத் தொடங்கவில்லை.

இனி எங்கட பக்கம். இலங்கைக்கு லாண்ட் றோவர் வந்தது தோட்டத்துரைமாருக்கும் அரச திணைக்களங்களுக்கும். நீர்ப்பாசனம், நில அளவை, சுகாதாரம் போன்ற இடங்களில் அது உண்மையில் வேலை செய்த வண்டி. அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் மலையகத்தில் அதே சரிவுகளில், அதே மழையில், தொழிலாளி நடந்துதான் போனார். பிள்ளைப்பேற்று வலி வந்தாலும் கொழுந்து ஏற்றுகிற லொறிதான். நாலு சில்லு இழுவை தேவைப்பட்ட இடத்தில்தான் அது இருந்தது, தேவைப்பட்ட எல்லாருக்கும் இருக்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் இருந்து பஜிரோ வந்தது. அதோடு ஜீப் வேலைக்காரர் கையில் இருந்து அதிகாரக்காரர் கைக்கு முழுசாக மாறியது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம், சிரேஷ்ட அரச ஊழியருக்கும் வைத்தியருக்கும் சலுகைத் தீர்வை. சிலர் வாகனத்தை ஓட்டினார்கள், சிலர் பெர்மிட்டையே கைமாற்றிக் காசாக்கினார்கள். இங்கேயும் அமெரிக்காவைப் போல சட்டம்தான் ஜீப்பை வளர்த்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே வரிச்சலுகை கடைக்குப் போகிற குடும்பத்தையும் இழுத்தது. இங்கே அது மேலே இருக்கிறவர் யார் என்று காட்டியது. சாதாரண மனிசர் பார்த்துப் பார்த்து, மரியாதை என்றால் இந்த உயரம் தான் என்று பழகிக்கொண்டார்கள்.

அந்த நேரம் வடக்கில் என்ன நடந்தது? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் A40ஐயும் மொறிஸ் மைனரையும் கொஞ்சப் பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பின்னால் போறவருக்குக் கண்ணெரியும். ஆனையிறவுப் பாதை மூடியிருக்க, கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றுக்குள்ளாலும் தண்ணிக்குள்ளாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் போனார்கள். கிளாலியில் வள்ளம். வன்னிக்குள் லாண்ட்மாஸ்டரும் உழவு இயந்திரப் பெட்டியும் தான் அம்புலன்ஸ், பஸ், சாமான் லொறி எல்லாம். இந்த நாட்டில் 'ஜீப் இல்லாமல் போகேலாது' என்று சொல்ல ஒரு பாதைக்கு உரிமை இருந்திருந்தால் அது அந்தப் பாதைகளுக்குத் தான். அதிலே போனவை இரண்டு சில்லு.

ஜீப்புகள் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஐ.நா.வினதும் தொண்டு நிறுவனங்களினதும் வெள்ளை லாண்ட் குரூசர்கள், நீண்ட அன்ரனாவோடு. அவை வந்தால் கூடாரமோ மருந்தோ வரும். உண்மையில் பாவித்த வண்டிகள். பிறகு 2008 செப்ரெம்பர். வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் உத்தரவிட்டது. போகவேண்டாம் என்று சனம் கிளிநொச்சியில் அந்த அலுவலக வாசல்களில் கூடி நின்று மன்றாடியது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற ஒன்றிரண்டு தவிர மற்றவை போயின. வெள்ளை வாகனங்கள் A9இல் தெற்கு நோக்கிப் போக, சனம் உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கிழக்கே நடந்தது, முள்ளிவாய்க்கால் வரைக்கும். ஒரு நல்ல வண்டியால் எங்கேயும் போகலாம் என்று விளம்பரங்கள் சொல்லும். எங்கேயும் என்பதில் விட்டுவிட்டுப் போகிறதும் அடக்கம் என்று நாங்கள் அந்த மாதத்தில் இருந்துதான் படித்தோம்.

போர் முடிந்த பிறகு சீனக் கடனில் A9 கார்ப்பெட் ஆகியது. உள்வீதிகளும் ஒவ்வொன்றாக. அதாவது, றோட்டு நல்லாக வந்த பிறகுதான் 'எங்கட றோட்டுக்கு ஜீப் தான் சரி' என்ற கதை எங்கட பக்கம் பரவியது.

நேர்மையாகச் சொன்னால், தேவைப்படுகிற ஆக்கள் இருக்கிறார்கள். காட்டோரக் கிராமத்துக்கு மாரியில் நெல் ஏற்றப் போகிறவருக்கும், குளக்கட்டில் வேலை செய்கிற பொறியியலாளருக்கும் ஒரு கெப் வாகனம் வேணும். அவர்கள் நாலு சில்லு இழுவையின் 'லோ' கியரைப் போட்டு ஏறுவார்கள். பட்டினத்தில் ஜீப் வைத்திருக்கிறவரிடம் அந்தக் கியரைக் கடைசியாக எப்ப போட்டது என்று கேட்டுப் பாருங்கள். அதோடு இன்னொன்று. நாலு சில்லும் இழுத்தால் வழுக்கலில் வெளிக்கிடலாம், நிற்பாட்ட அது உதவாது. பிறேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லில்தான். மழையில் கார்ப்பெட் றோட்டில் பாரமான வண்டிக்கு விசேட பாதுகாப்பு ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிறவருக்கு உயரம் தருகிற தைரியம் மட்டும் இருக்கும், அது சில நேரம் ஆபத்து.

வெளியில் நிற்கிறவருக்கு என்ன நடக்கும்? அமெரிக்காவில் வீதிப் பாதுகாப்பை ஆராயும் காப்புறுதி நிறுவகம் ஒன்று 2023இல் வெளியிட்ட ஆய்வு, முன்மூடி ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், தாழ்ந்து சரிந்த முன்பக்கம் உள்ளவற்றைவிட பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 வீதம் கூட என்று கண்டது. ஒரு மீற்றர் என்றால் எங்கட ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தை விடக் கொஞ்சம்தான் குறைவு. ரியூசன் விட்டு நாற்பது சைக்கிள் ஒன்றாக வெளிவாற ஊரில் இந்தக் கணக்கைச் சும்மா வாசித்துவிட்டுப் போகேலாது.

2022 ஞாபகம் இருக்கும். கியூ.ஆர். அட்டை தொடங்கினபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அல்ரோவுக்கும் அதே 20, பெரிய ஜீப்புக்கும் அதே 20. அல்ரோக்காரர் கொழும்புக்கே போகலாம். ஜீப் வைத்திருந்த பலர் அந்த மாதங்களில் அதை உறை போட்டு மூடிவிட்டு, பழைய சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். காற்றடிக்கிற பம்மை அயலில் இரவல் கேட்டு வந்த ஒருவரை எங்களுக்குத் தெரியும். கெட்ட மனிசர் இல்லை.

ஜீப் எடுக்கப் போகிற எங்கட நண்பரின் வீடு ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. மாட்டுவண்டில் போன காலத்து ஒழுங்கை, இரண்டு பக்கமும் மதில். போன கிழமை அவரோடு போய் அளவு நாடா பிடித்தோம். ஒடுங்கின இடத்தில் 2.6 மீற்றர். ஜீப் போகும், கண்ணாடியை மடித்தால். எதிரில் சைக்கிளில் ஒருத்தர் வந்தால் யார் பின்னுக்குப் போறது என்று கேட்டோம். சிரித்துவிட்டு நாடாவைச் சுருட்டினார். இன்னும் முடிவெடுக்கவில்லையாம்.