தாயத்தும் அச்சகமும்

மந்திரப் பொருளுக்கு விலை வைக்க முடியுமா? 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் முடியும். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாக, மந்திரவாதியாகக் கதை பேசிப் பகடை உருட்டுவார்கள். அதன் 1979-ம் வருஷத்துக் கையேட்டில் மந்திர வாளுக்கும் மோதிரத்துக்கும் விற்பனை மதிப்பு போட்டிருக்கிறது. காயம் ஆற்றும் மருந்து 400 பொற்காசு. 2014 பதிப்பில் 50-க்கு இறங்கிவிட்டது. (மருந்து விலை இறங்குவது கதையில்தான்!) குடித்தால் எவ்வளவு தேறும் என்பதற்கும் கணக்கு உண்டு: நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி, வருவதோடு 2 கூட்ட வேண்டும். நாலுக்குக் குறையாது. பலன் உறுதி, அதனால் விலையும் உறுதி.

நம் பக்கத்துத் தாயத்து அப்படியல்ல. செம்புத் தகட்டில் கட்டம் கீறி, சுருட்டி, கூட்டில் அடைத்துக் கறுப்புக் கயிற்றில் கட்டுகிறார்கள். செம்புக்கு எடை பார்த்து விலை சொல்லலாம். மந்திரத்துக்கு வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் விலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்கிற தாய் பேரம் பேசமாட்டாள்.

1954-ல் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டம் வந்தது. தாயத்து, மந்திரம், கவசம் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் பெயரிலேயே இருக்கிறபடி, அது பிடிப்பது விற்பனையை அல்ல, விளம்பரத்தை. நோய் தீரும் என்று நோட்டீஸிலோ லேபிளிலோ உறையிலோ போடக்கூடாது. அச்சடித்துக் கொடுப்பதும் விளம்பரத்தில் பங்கெடுப்பதே என்கிறது. முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை.

இது சிவகாசிக்காரர் கவனிக்க வேண்டிய வரி. 1922-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்த அச்சுத் தொழில் பிறகு காலண்டர், சாமி படம், நோட்டீஸ் என்று பெருகியது. ஆயிரம் நோட்டீஸுக்குக் கூலி வாங்குகிற சின்ன அச்சகக்காரரும் குற்றவாளியா என்றால், ஆமாம் என்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. செம்புத் தகட்டை அத்தனை விலைக்கு ஏற்றியது அந்த அச்செழுத்துதானே.

ஒரு ஓட்டையும் உண்டு. சட்டம் உடம்பு, நோய் சம்பந்தப்பட்டதைத்தான் பார்க்கிறது. பணம் கொழிக்கும், வழக்கு ஜெயிக்கும் என்று விற்கிற எந்திரத் தகடு அதில் அகப்படாது. ஏமாந்தவர் எழுதிக் கொடுத்தால் மோசடி வழக்கு போடலாம். தகடு பலிக்கவில்லை என்று ஸ்டேஷன் படியேற யாருக்கு மனசு வரும்?